நெட்டையனை விற்கச் சொன்ன நேசன்

செய்தி எனக்கு ஹலிபக்ஸிலிருந்து வந்தது.

நேசன் இறந்தது அஹுன்ட்சிக்கில், தன் வீட்டில். நான் அப்போது சென்ட் லோரன்ட்டில் வேலையில் இருந்தேன். இரண்டும் ஒரே நகரத்தில், இடையில் பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் செய்தி, விமானம் ஏறிப் போகவேண்டிய ஊரில் இருக்கும் என் மகள் துளசியிடம் முதலில் போய், அவளிடமிருந்து என்னிடம் திரும்பி வந்தது. பத்து மணித் தேநீருக்கு லொக்கரைத் திறந்து தொலைபேசியைப் பார்த்தேன். அவள் நான்கு தரம் எடுத்திருந்தாள். வேலை நாளில் அவள் எனக்கு எடுப்பதே இல்லை. என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு திருப்பி எடுத்தேன்.

“அப்பா, அவர் போயிட்டார்.”

எந்த அவர் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“காலமை நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். அம்புலன்ஸ் வர முதல் எல்லாம் முடிஞ்சுது. சித்தி இப்பதான் எடுத்துச் சொன்னவ. நீங்கள் உடன அங்க போங்கோ அப்பா.”

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் நேசனின் உறவுகள், நண்பர்கள். தேவாரங்களுக்கும் படங்களுக்கும் பிறகு, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகளை எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். நல்ல வார்த்தைகளும் வரும். ஆனால் உள்ளதை மறைத்து எழுத எனக்கு வராது. அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நேசனின் மனைவி வசந்தி என்னை விட்டுவிட்டு என் மகளுக்கு ஏன் முதலில் எடுத்தார் என்ற எரிச்சல்தான் வந்தது. துக்கம் பிறகுதான் வந்தது. சாப்பாட்டு அறைக்குப் போய், அவர் வழக்கமாக இருக்கும் கதிரையில் வேறு ஒருவர் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தபோது வந்தது. அந்த ஆளை எழும்பச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிவநேசனும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே மருந்துத் தொழிற்சாலையில், ஒரே பொதியிடும் பகுதியில் வேலை செய்தோம். நான் அவரைவிட ஆறு வயது மூத்தவன். அவர் என்னை அண்ணை என்பார். நான் அவரை நேசன் என்பேன். பழக்கம் என்றால் நல்ல பழக்கம்தான். ஆனால் எனக்கு அவர் மேல் பொறாமை இருந்தது. பத்துப் பதினைந்து வருடமாக இருந்தது. அது எங்கே தொடங்கியது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் நாங்கள் ஊரில் உதைத்த பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் போட்ட தடியர்கள் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்தும் விளையாட்டு. ஒருவன் பந்தை எறிவான். தூர ஓடிப்போய் அதைப் பிடிப்பவனுக்கு ரிசீவர் என்று பெயர். எங்கள் தொழிற்சாலைத் தமிழருக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் நான். இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

நானும் அதை ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. துளசிக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளிக்கூடப் பெண்கள் அணியில் சேர்ந்தாள். பெண்பிள்ளைகளின் ஆட்டத்தில் இடிப்பதில்லை. இடுப்பில் தொங்கும் நாடாவை இழுத்து எடுத்தால் சரி. அவள் ரிசீவர். அந்த வயதில் அவள் வீட்டில் என்னோடு பேசுவது சுருங்கிப்போயிருந்தது. சாப்பாடு வேண்டாம், வை-ஃபை வேலை செய்யேல்லை, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஏத்த வாங்கோ. அவ்வளவுதான். மற்றதெல்லாம் சிநேகிதிகளோடு பிரெஞ்சில். அவளோடு பேச எனக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது. நூலகத்தில் போய் விளையாட்டு விதிப் புத்தகம் எடுத்தேன். அதுவும் பிரெஞ்சு. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பனிக்காலம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். எத்தனை பேர், எத்தனை யார் தூரம், எத்தனை முயற்சி, எல்லாம் மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் இருந்த மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துளசியிடம் கேள்வி கேட்பேன். “ஓம் அப்பா,” “இல்லை அப்பா” என்று பதில் வரும். குறைந்தபட்சம் பதில் வந்தது.

அப்படியிருக்க, ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை என் கார் கராஜில் நின்றது. வில்லரேயில் ஒரு பள்ளி மைதானத்தில் துளசிக்கு ஆட்டம். நேசன் தன் காரில் எங்களைக் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுப் போகவேண்டியவர், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்று பார்த்தார். இடைவேளையில் துளசி தண்ணீர் குடிக்க வந்தாள். நேசன் அவளைப் பார்த்து, “பிள்ளை, நீ திரும்ப முதல் உன்ர தலை திரும்புது. மற்றவள் அதைப் பாத்துக்கொண்டுதான் உனக்கு முன்னால போய் நிக்கிறாள்,” என்றார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்கள் ஒருக்கா ஓடிப் பாருங்கோ அங்கிள், அப்ப தெரியும்.”

ஆட்டம் முடிந்ததும் நேசன் உண்மையாகவே ஓடினார். வேலைச் சப்பாத்தோடு, மேலங்கியின் பொத்தானைக்கூடக் கழற்றாமல், ஈரப் புல்லில் ஓடி, தலையை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் வெட்டித் திரும்பினார். ஊரில் கிளித்தட்டு மறித்து, கோட்டில் நிற்பவர்களை ஏய்த்து ஓடிய ஆள், வெட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துளசி எறிந்த பந்து அவர் நெஞ்சில் பட்டுத் தெறிக்க, ஆள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பயிற்சியாளர் அம்மா “பிராவோ, மெஸ்யூ!” என்று கைதட்டினார். துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டு பனிக்காலம் அகராதியோடு மல்லுக்கட்டியவன் நான். ஒருதரம் சறுக்கி விழுந்தவருக்கு அந்தச் சிரிப்பு கிடைத்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர்கள் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்கள். தலை திரும்பியதா இல்லையா என்பதுதான் சண்டை. முன் இருக்கையில் இருந்து நான் படித்த விதிகளை மனதுக்குள் புரட்டினேன். விதிப் புத்தகத்தில் தலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடுத்த பருவத்துக்குள் சாப்பாட்டு மேசையும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. இங்கே நேசனின் முறையைச் சொல்லவேண்டும். அவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து அதில் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவார். பருப்பு மைதானம். கத்தரிக்காய்த் துண்டுகள் எதிரணி. பொரித்த மிளகாய்தான் எங்கள் நகரத்து அணியின் நட்சத்திர ரிசீவர். அவனுக்கு எங்கள் மேசையில் நெட்டையன் என்று பெயர். மிளகாயை விரலால் நகர்த்தி, கத்தரிக்காய்களுக்கு நடுவால் கொண்டுபோய், கடைசியில் வாயில் போட்டு, “கோல்!” என்பார். இந்த விளையாட்டில் கோல் என்று சொல்வதில்லை என்று நான் ஒவ்வொரு தரமும் திருத்துவேன். “ஓம் அண்ணை, மறந்துபோனன்,” என்பார். அடுத்த நாளும் கோல்தான். சனம் கோலுக்காகவே காத்திருக்கும்.

டிராஃப்ட் பிக் என்றால் என்ன என்று நான் ஒருநாள் முழு மதிய இடைவேளையும் விளங்கப்படுத்தினேன். பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்து வரும் புதியவர்களை அணிகள் வருடத்துக்கு ஒருதரம் வரிசையில் நின்று தெரிவு செய்யும். அந்த வரிசையில் ஓர் இடம்தான் பிக். அது ஆள் அல்ல, இனி வரப்போகிற ஓர் ஆளுக்கான உரிமை. அந்த உரிமையை அணிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளலாம். இவ்வளவையும் சொல்லி முடிய, ஜெகன் என்று எங்களோடு வேலை செய்பவர், “ஆளே இல்லாமல் என்னத்தை மாத்துறது?” என்று கேட்டார். நேசன் வாயைத் துடைத்துக்கொண்டு, “எங்கட வீட்டு நடு அறையைப் போல, ஜெகன். கட்டில் விரிச்சுக் கிடக்கு. ஆர் வரப்போறினமெண்டு தெரியாது. ஆனா அறை எங்கட கையில,” என்றார். எல்லோரும் “ஆ” என்றார்கள்.

அந்த நடு அறை உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் அதில் படுத்தும் இருப்பீர்கள். நேசனுக்கும் வசந்திக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த அறையில் அவர்கள் எப்போதும் ஒரு கட்டிலை விரித்தே வைத்திருந்தார்கள். அகதியாக வந்தவர்கள், ஸ்பொன்சரில் வந்தவர்கள், வாடகைக்கு வீடு கிடைக்காத மாணவர்கள். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் செந்தில் சென்னையிலிருந்து படிக்க வந்தபோது ஐந்து மாதம் அங்கேதான் இருந்தார். ஒருவர் போனதும் வசந்தி விரிப்பை மாற்றிவிடுவார். நேசன் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை. “இடம் இருந்தா ஆள் வரும்,” என்பார். அவ்வளவுதான்.

இனி நான் மறக்க விரும்பும் நாளைப் பற்றி எழுதவேண்டும்.

போன கோடையில் எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நெட்டையனை வேறொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு டிராஃப்ட் பிக் வாங்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. எங்கள் சாப்பாட்டு அறை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிழமை யாரும் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிடவில்லை. ஜெகன் நெட்டையனின் இலக்கம் போட்ட சட்டையை வேலை அங்கிக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

நான் விற்கக்கூடாது என்றேன். நேசன் விற்கவேண்டும் என்றார்.

“அவன்ர ஒப்பந்தம் இந்த வருசத்தோட முடியுது அண்ணை,” என்றார் நேசன். “அவன் போகத்தான் போறான். சும்மா போறதைவிட ரண்டு ஆளுக்கு இடம் விட்டுட்டுப் போகட்டுமே.”

“வாறவன் கெட்டிக்காரனா இருப்பான் எண்டு எழுதியோ கிடக்கு? கண்ணால கண்ட ஆளை அனுப்பிப்போட்டு, காணாத ஆளுக்குக் காத்திருக்கிறதோ?”

“நாங்களும் ஒருக்கா காணாத ஆக்கள்தானே அண்ணை.”

செந்தில் என் பக்கம் நின்றார். “அதெல்லாம் சரி நேசன் சார், ஆனா அவன் இல்லாம மேட்ச் எப்படி சார் பாக்கறது? செம போர் அடிக்கும்.” மேசை சிரித்தது. கணக்கெடுத்தால் என் பக்கம்தான் ஆட்கள் அதிகம். வெகுகாலத்துக்குப் பிறகு அந்த மேசை என் பக்கம் இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

அப்போது ஜெகன், “துளசியைக் கேப்பம். எங்களுக்குள்ள விளையாடின ஆள் அவள்தானே,” என்றார். நான் தொலைபேசியை எடுக்க முதல் நேசன் தன்னுடையதை எடுத்து, ஒரு விரலால் தட்டி, சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைத்தார். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். அன்று காலையில் நான் அவளுக்கு இரண்டு தரம் எடுத்திருந்தேன். இரண்டு தரமும் மணி அடித்து அடித்து நின்றது.

ஜெகன் விஷயத்தைச் சொன்னார். அவள் யோசிக்கவும் இல்லை. “விக்கத்தான் வேணும். சித்தப்பா சொல்லுறதுதான் சரி.”

அங்கிள் எப்போது சித்தப்பா ஆனார் என்று எனக்குத் தெரியாது. நான் அதை அன்றைக்குத்தான், பத்துப் பேருக்கு முன்னால், முதல் தரம் கேட்டேன். மேசையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு முகம் சுட்டது. நெட்டையனும் அணியும் எங்கோ போய்விட்டன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“பிள்ளை இல்லாத ஆளுக்கு நாளைக்கு வாறதைப் பற்றிக் கதைக்கிறது லேசு.”

தொலைபேசி இன்னும் மேசை நடுவில் திறந்தபடி கிடந்தது. நேசன் அதைப் பார்த்தார். பிறகு மூடியில் கிடந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

“ஓம் அண்ணை. லேசுதான்,” என்றார். எழும்பிப் போய்ப் பெட்டியைக் கழுவினார். கனநேரம் கழுவினார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம், பேந்து கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவர் வழக்கம்போல வந்து என் பக்கத்தில் இருந்து, “அண்ணை, வசந்தி உங்களுக்கெண்டு கணவாய்க் கறி தந்துவிட்டவ,” என்று ஒரு சிறு பெட்டியைத் தந்தார். அதை வாங்கித் தின்றேன். ருசியாக இருந்தது. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது. துளசி ஒரு மாதம் எனக்கு எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பதில் இல்லை. பிறகு செப்டெம்பரில் ஒரு ஞாயிறு அவளே எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல, “அப்பா, நேற்றைய ஆட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?” என்று கேட்டாள். பிள்ளைக்குக் கோபம் ஆறிவிட்டது, அப்பன்தானே என்று மனம் இரங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அணி நெட்டையனை விற்கவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது. நேசன் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்து, “அண்ணைதான் வெண்டது,” என்றார். பனிக்காலத்தில் ஒப்பந்தம் முடிய, நெட்டையன் தன் பாட்டில் வேறு அணிக்குப் போய்விட்டான். எங்களுக்கு ஒரு பிக்கும் இல்லை, ஆளும் இல்லை. நேசன் சொன்னதுபோலவே நடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேனே என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி, கணக்கைத் தீர்த்திருப்பேன். அவர் அந்த வாய்ப்பைக்கூட எனக்குத் தரவில்லை.

ஏப்ரலில் அவர் போய்விட்டார்.

எங்கள் வட்டாரத்தில் யார் இறந்தாலும் மரண அறிவித்தல் எழுதுவது நான்தான். முறை பிசகாது, எழுத்துப் பிழை வராது என்று எனக்கு ஒரு பெயர். செய்தி வந்த அன்றே வசந்தி, அழுதழுது வீங்கிய கண்ணோடு, உறவுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தந்தார். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர், மைத்துனர், மாமா. நான் ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்துகொண்டு வந்தேன். ‘அன்புச் சித்தப்பாவும் ஆவார்’ என்ற இடத்தில், பிரான்சில் இருக்கும் அவருடைய தமையனின் பிள்ளைகள் மூன்று பேர். நாலாவதாக, அதே கையெழுத்தில், துளசி, கனடா.

மூன்று பெயர்களைத் தட்டினேன். நாலாவதைத் தட்டவில்லை.

அறிவித்தலில் இரத்த உறவும் கலியாண உறவும்தான் போடுவது, முறை என்று ஒன்று இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முன்பு எத்தனையோ அறிவித்தல்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை, கூட இருந்தவரை, கேட்டவர்களுக்காகப் போட்டுக்கொடுத்திருக்கிறேன். என் மகளுடைய பெயரை இன்னொருவரின் பிள்ளைகள் வரிசையில் என் கையால் எழுத என்னால் முடியவில்லை. அனுப்பிவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் அது உலகம் முழுக்கப் போய்விட்டது. இறந்த மனிதரிடம் கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. துளசி விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தாள். என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள்.

“அறிவித்தல் நீங்கள் எழுதினதோ அப்பா?”

“ஓம்.”

“என்ர பேர் மறந்துபோச்சோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு அந்த வழியைத் திறந்துதான் விட்டாள். “மறக்கேல்லை,” என்றேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. “அவர் உங்களை ஒருநாளும் விட்டதில்லை அப்பா,” என்றாள். “நான் எப்ப எடுத்தாலும், அண்ணை என்ன சொல்லுறார் எண்டுதான் முதல் கேக்கிறது. நான் உங்களோட கதைக்கேல்லை எண்டு சொன்னா, போய் முதல் அப்பாவைக் கேட்டுட்டு வா, பேந்து நான் சொல்லுறன் எண்டு வைச்சிடுவார். ஒவ்வொரு ஞாயிறும்.”

“ஒவ்வொரு ஞாயிறுமோ?” என்று கேட்டேன்.

“அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொன்னாப் பிறகு, நான் உங்களோட கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தனான். அவர் என்ர போனை எடுக்கிறதையே நிப்பாட்டிப்போட்டார். ஒரு மாசம். அப்பாவுக்கு எடு, பிறகு எனக்கு எடு எண்டு ஒரு மெசேஜ் மட்டும் போட்டவர். வேற வழியில்லாமத்தான் உங்களுக்கு எடுத்தனான்.”

செப்டெம்பர் ஞாயிறும் அப்படித்தான். அதற்கு முந்திய ஞாயிறுகளும் அப்படித்தான். மகள் என்னைத் தேடி எடுக்கிறாள் என்று நான் நினைத்திருந்த அழைப்புகள் எல்லாம், நேசன் தன்னிடம் வந்தவளைத் திருப்பி என்னிடம் அனுப்பியவை. அவருக்கு இருந்தது அவளுடைய அந்த அழைப்பு ஒன்றுதான். அதையும் ஒரு மாதம் எடுக்காமல் இருந்திருக்கிறார், எனக்காக. அழுக்குப் பனிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். துளசி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இத்தோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால், என்னைத் தெரிந்த நீங்கள் நம்பமாட்டீர்கள். தீரவில்லை. கூடித்தான் இருக்கிறது. முன்பு அவருடைய சிரிப்பையும் மிளகாயையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு மாதம் போனை எடுக்காமல் இருந்திருப்பேனா என்று என்னையே கேட்கிறேன். இருந்திருக்கமாட்டேன். முதல் மணியிலேயே எடுத்திருப்பேன்.

கிரியைகள் முடிந்து இரண்டு கிழமையில் வசந்தி என்னை வீட்டுக்கு அழைத்தார். நான் அறிவித்தலைப் பற்றித் தடுமாறித் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. “விட்டுப்போனதை மலரில போடுங்கோ அண்ணை. நீங்கள்தான் எழுதவேணும்,” என்றார். கணவரைப் போலவே அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நடு அறைக் கட்டிலில் புதிய விரிப்புப் போட்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு மாணவி வருகிறாளாம்.

நேசன் போய் நாலு ஞாயிறு. அவளை என்னிடம் அனுப்ப இப்போது ஆள் இல்லை. முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. மூன்றாம் ஞாயிறு நானே எடுத்தேன். டிராஃப்டில் எங்கள் அணி எடுத்த புதிய பையனைப் பற்றிக் கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். அவள் ஒரு மணி நேரம் சொன்னாள். நேற்று, நாலாம் ஞாயிறு, அவள் எடுத்தாள். யாரும் சொல்லாமல், தானாக எடுத்தாள். நேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஞாயிறுகள்தான். அவற்றை வைத்துக்கொள்வதற்கு முன் நான் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் எழுதிய அறிவித்தலில் ஒரு பிழை இருந்தது. அதை என் கையாலேயே திருத்துகிறேன். அமரர் சிவநேசன் அவர்கள், துளசியின் அன்புச் சித்தப்பாவும், எனது ஒரே தம்பியும் ஆவார்.